வேறு பொறுப்பு எதுவும் இல்லை

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் உடம்பளவில் நலம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதுகிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலம் என்றும், உள்ளே இருப்பவர் நன்றாக உதைத்துக்கொண்டிருக்கிறார் என்றும் நானாகவே எழுதிக்கொள்கிறேன். அப்படி எழுதிக்கொண்டால்தான் எனக்கு அடுத்த வரி வருகிறது.

நேற்று விசா இன்டர்வியூ முடிந்தது. நல்லபடியா முடிஞ்சுதும்மா என்று மட்டும் போனில் சொன்னேன். அது பாதிதான். மீதியைச் சொல்ல வாயெடுத்தேன், அந்தப் பக்கம் நீ மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம் கேட்டது, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மாடி வீட்டு டீச்சர் தன் மகனைப் பார்க்க உன் ஊருக்கே கிளம்புகிறார். குழந்தைத் துணிகளோடு இந்தக் கடிதத்தையும் கொண்டுவந்து உன் கையில் தருவார். படித்தவுடனே போன் செய்யாதே. ஒரு நாள் கழித்துச் செய். படுத்துக்கொண்டு படி, டாக்டர் உன்னை எழுந்து நடமாட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்பதை நீ அடிக்கடி மறக்கிறாய் என்று மாப்பிள்ளை என்னிடம் கோள் சொன்னார். அவரைத் திட்டாதே, நான்தான் தோண்டித் துருவிக் கேட்டேன்.

முதல் தடவை விசாவை ஏன் மறுத்தார்கள் என்பது உனக்குத் தெரியும். அப்பாவின் கடிதம் எப்படி எழுதப்பட்டது என்பது தெரியாது. யாருப்பா உங்களை இதையெல்லாம் எழுதச் சொன்னது என்று நீ போனில் கத்தினாய். அப்பா போனை என்னிடம் நீட்டிவிட்டார். அவர் சார்பில் நான் சொல்கிறேன். விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஏஜெண்ட், ஜெராக்ஸ் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் செருகிவைத்த மாதிரி உட்கார்ந்திருப்பான், அவன்தான் "சார், உங்க கைப்பட ஒரு லெட்டர் வைங்க, படிக்கிறவங்க மனசைத் தொடணும்" என்றான். அப்பா உடனே பேனா கேட்டார். வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனிதர், கதவு சென்சார் மாற்றப்பட்டது, கம்பி முறுக்கிவிடப்பட்டது, இதற்கு மேல் எதையும் எழுதியதில்லை. அன்றைக்கு அவருக்குள்ளிருந்து யாரோ எழுந்து வந்து எழுதினார்கள். எங்கள் ஒரே மகளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டோம். இருவரும் வேலையிலிருந்து விடுபட்டுவிட்டோம். வாடகை வீட்டையும் காலி செய்ய ஏற்பாடு செய்துவிட்டோம். எங்களுக்கு இங்கே வேறு பொறுப்பு எதுவும் இல்லை. ஆகவே மகளுக்குத் தேவைப்படும் காலம்வரை அவளோடு இருப்பதில் எங்களுக்கு எந்தத் தடையும் கிடையாது. இதை எழுதிவிட்டு எனக்குப் படித்துக் காட்டினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏஜெண்ட் கூட மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான். கையெழுத்துப் போட்டேன். அதோடு விடவில்லை, பல் செட் செய்யும் லேபிலிருந்து என்னைக் கௌரவமாக விடுவித்த கடிதத்தையும் நான்தான் ஃபைலில் வைத்தேன், நல்ல மனுஷி என்று அவர்களுக்குத் தெரியட்டுமே என்று. வீட்டுக்காரர் தந்த கடிதத்தையும் வைத்தோம், பாக்கி எதுவும் இல்லை, வீட்டை ஒழுங்காக ஒப்படைக்கிறார்கள் என்று அதில் இருந்தது. சிரிக்காதே. மகள் வீட்டில் போய்த் தங்குகிறவர்கள் இங்கே இழுத்துக்கொண்டு கிடப்பதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது எங்களுக்குத் தெரிந்த மரியாதை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தால் ஆள் அங்கேயும் மனசு இங்கேயும் இருக்கும், அது உனக்கு வைக்கிற குறை. அப்படித்தான் நினைத்தோம். கை வீசிக்கொண்டு வருகிறவர்களைத்தான் நம்புவார்கள் என்று நினைத்தோம்.

மறுப்பு வந்த அன்று மாடி டீச்சர் அப்பாவின் கடித நகலைப் படித்துப் பார்த்துவிட்டு, சிரிக்கக் கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அண்ணே, என் விசாவுக்கு நான் என்ன எழுதினேன் தெரியுமா, பரீட்சை இருக்கு, பேப்பர் திருத்தணும், நான் திரும்பலேன்னா பள்ளிக்கூடமே நின்னுடும்ன்னு எழுதினேன். நீங்க என்னடான்னா வீட்டைப் பூட்டிச் சாவியையும் அவங்க கையிலயே குடுத்திருக்கீங்க" என்றார். அப்பாவும் சேர்ந்து சிரித்தார். டீச்சர் மேலே போனதும் அவர் முகம் மாறியது. உன் போன் அதற்கு மறுநாள் வந்தது. அன்றிலிருந்து நீ கூப்பிட்டால் அவர் குளியலறைக்குள் போய்விடுகிறார். குளிப்பதில்லை. குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார்.

இன்னொன்று, இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வருகைக் காலம் முடிந்ததும் திரும்பிச் செல்வீர்கள் என்று எங்களுக்கு நம்பிக்கை ஏற்படவில்லை. மறுப்புக் கடிதத்தில் இருந்தது அவ்வளவுதான். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களைத் திருட்டுத்தனமாகத் தங்கிவிடுகிறவர்கள் என்று நினைத்துவிட்டார்களே என்று கடையில், பஸ்ஸில், மாடிப்படியில், பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். ஒரு நாள் அடுப்படியில் அலமாரியைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. பாத்திரத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியை மூட்டை கட்டி வைத்திருந்தேன். துணி காயப்போடும் கொடியைக்கூட அவிழ்த்துச் சுருட்டி வைத்திருந்தேன். கொஞ்ச நாள் ஊருக்குப் போகிறவள் கொடியை அவிழ்ப்பாளா. நீயும் போனில் சொல்லியிருந்தாய், வந்துடுங்கம்மா, அப்புறம் நீட்டிக்க வழி இருக்கு, பாத்துக்கலாம் என்று. நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் எங்கோ ஒரு மேசையில் உட்கார்ந்து என் காகிதங்களைப் பார்த்து, இவள் திரும்ப மாட்டாள் என்று எழுதியிருக்கிறார். அவர் எழுதியது சரி. நான் திரும்புவதாக இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

அதன் பிறகுதான் இரண்டாவது விண்ணப்பம். வேலையில் இருப்பதாகக் காட்ட வேண்டும் என்று ஏஜெண்ட் சொன்னான். லேபை நடத்தும் பல் டாக்டரிடம் போனேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, "லீவுல போறாங்கன்னு ஒரு லெட்டர் அடிச்சுத் தந்துடறேன்மா, யாரு வந்து பாக்கப் போறாங்க" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான்தான் எழுந்துவிட்டேன். ஏற்கெனவே உண்மையை எழுதி மாட்டிக்கொண்டோம், இனி பொய்யை எழுதி மாட்டிக்கொள்ளத் தெம்பு இல்லை, லெட்டர் வேண்டாம் டாக்டர், வேலையைக் கொடுங்க என்றேன். மறுநாளே சேர்ந்துவிட்டேன். என் ஸ்டூலில் யாரோ பல் அச்சு வார்க்கும் மாவு மூட்டையை வைத்திருந்தார்கள். அதை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அன்று மத்தியானமே ஒரு லாரி டிரைவர் வந்தார், நான் போன பிறகு வேறு ஆள் செய்த பல் செட்டோடு. "அம்மா, இந்தப் பல்லு நான் சிரிக்கிறதுக்கு முன்னாடி சிரிக்குது" என்றார். மேல் வரிசை தூக்கிக்கொண்டிருந்தது. மெழுகில் மறுபடி கடிக்க வைத்து, உட்புறம் தேய்த்து, மூன்று தடவை போட்டுக் கழற்றிப் பார்த்தோம். நாலாவது தடவை அவர் பல்லைக் கழற்றவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லாரியில் வைத்திருந்த பன்னை எடுத்து வந்து என் எதிரே கடித்துக் காட்டிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது உன்னைப் பற்றி நினைக்காமலேயே பஸ்ஸில் பாதி தூரம் வந்துவிட்டேன். நினைவு வந்ததும் திடுக்கென்றது. உனக்குத் துரோகம் செய்த மாதிரி இருந்தது. ஆனாலும் அந்தப் பாதி தூரம் நன்றாகத்தான் இருந்தது குட்டிம்மா.

இந்த முறை நான் மட்டும் விண்ணப்பித்தது ஏஜெண்ட் சொன்ன யோசனை என்று உன்னிடம் சொன்னோம். இல்லை. அப்பாவின் முடிவு அது. சாப்பிட்டுக் கைகழுவி வந்தவர், துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே, "ரெண்டு பேரும் கேட்டா மறுபடியும் இதே கதைதான். நான் இங்கயே இருக்கேன். நான் இருந்தாத்தான் நீ திரும்பி வருவேன்னு அவங்க நம்புவாங்க" என்றார். நான் தட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். பேரப்பிள்ளையை முதலில் தான் தூக்க வேண்டும் என்று எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் என்பது உனக்கே தெரியும். தலையணையை வைத்துக்கொண்டு தூக்கிப் பழகினதைப் பார்த்து நீ வீடியோவில் சிரித்தாயே. அவர் துண்டை நாற்காலியில் போட்டார். எடுத்து மறுபடி மடித்தார். "அவங்க நம்புறது கெடக்கட்டும். நீ வருவியா" என்று கேட்டார். விளையாட்டாகக் கேட்கிற குரலில்தான் கேட்டார். நான் சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்ன கேள்வி இது, பைத்தியமா உங்களுக்கு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் டிவியைப் போட்டார். சத்தம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை, ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடந்துகொண்டிருந்தோம். அவர் வீட்டுக்காரரைப் போய்ப் பார்த்து, காலி செய்யப் போவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கொடியை மறுபடி அவரே கட்டினார். முன்பைவிட இறுக்கமாக.

நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். விசா மையத்தில் பையை வெளியே வைக்கச் சொன்னார்கள், ஃபைலை மட்டும் உள்ளே விட்டார்கள். அப்பா எதிர்ப்புற நடைபாதையில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே டோக்கன் எண் மின்னும் ஒரு பலகை, அதைப் பார்த்துக்கொண்டே கழுத்து வலித்தவர்கள். முதலில் விரல் ரேகை. போன தடவை நான் வேலையை விட்டுக் கொஞ்ச நாள் ஆகியிருந்ததால் ரேகை பளிச்சென்று விழுந்தது. இந்த முறை விழவே இல்லை. பல் தேய்க்கிற தூளில் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும், உனக்குத் தெரியுமே, சின்ன வயசில் என் விரலைத் தடவிப் பார்த்து அம்மா விரல்ல கோடே இல்ல என்பாய். அந்தப் பெண் ஈரத் துணியைக் கொடுத்தாள், துடைத்து வைத்தேன், விழவில்லை, அழுத்தி வைத்தேன், விழவில்லை. பின்னால் வரிசை முணுமுணுத்தது. "என்ன வேலைம்மா பாக்குறீங்க" என்று கேட்டாள். பல் செய்றேன் என்றேன். அவள் தன் வாயைக் கையால் மூடிக்கொண்டாள், ஏன் என்று தெரியவில்லை, அப்புறம் சிரித்துவிட்டாள். ஒரு வழியாகக் கட்டைவிரல் பதிந்தது. அதுவரை என் முதுகில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அதிகாரி, என் வயசு இருக்கும், பெண். பக்கத்தில் மொழிபெயர்ப்பவர், இளைஞர், நம் பேச்சு நன்றாகத் தெரிந்தவர். பழைய ஃபைல் அதிகாரி முன்னால் திறந்திருந்தது. அப்பாவின் கடிதம் மேலே இருந்தது, அந்தக் கையெழுத்தை எவ்வளவு தூரத்திலிருந்தும் எனக்குத் தெரியும். அதன் ஒரு வரியில் மஞ்சள் பேனாவால் கோடு இழுத்திருந்தார்கள். எந்த வரி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. போன முறை உங்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள், இப்போது வேலை இருக்கிறது, வீடு இருக்கிறது, கணவர் இருக்கிறார் என்கிறீர்கள், எது உண்மை என்று கேட்டார். இரண்டும் உண்மைதான் என்றேன். முதல் முறை எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் விண்ணப்பித்தோம், அது நல்ல பழக்கம் என்று நினைத்தோம், நீங்கள் மறுத்த பிறகு திரும்ப எடுத்துக்கொண்டோம் என்றேன். ஏஜெண்ட் மனப்பாடம் செய்யச் சொன்னது எதுவும் வாயில் வரவில்லை. மொழிபெயர்ப்பவர் என்னைப் பார்த்துவிட்டுத் தயங்கித்தான் சொன்னார். அந்த அம்மாள் எதையோ எழுதினார். பிறகு நிமிர்ந்து, மெதுவாக, முறைக்கக்கூட இல்லை, ஒரு கேள்வி கேட்டார். உங்கள் மகளுக்கு இது முதல் குழந்தை, அவள் உங்களுக்கு ஒரே மகள், கிளம்புகிற நேரத்தில் இன்னும் கொஞ்ச காலம் இருங்கள் என்று அவள் அழுதால் என்ன செய்வீர்கள் என்று.

போன வருஷம் நீ ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டது நினைவுக்கு வந்தது. எல்லாம் முடிந்து, வயிற்றில் ஒன்றும் மிஞ்சாமல் போன பிறகுதான் கூப்பிட்டாய். அம்மா, இப்ப பரவாயில்ல, நீ அழாதே என்று நீ எனக்குச் சொன்னாய். அந்தக் குரலைக் கேட்ட அன்றே முடிவு செய்துவிட்டேன், அடுத்த முறை உன் கட்டில் பக்கத்தில் நான் இருப்பேன், எவன் தடுத்தாலும் இருப்பேன், அப்புறம் உன்னை விட்டு நகரவே மாட்டேன் என்று. அதையெல்லாம் அந்தக் கண்ணாடியின் ஓட்டை வழியாகச் சொல்ல முடியாது. எதிர் நடைபாதையில் அப்பா நின்றுகொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவரைப் பார்க்க முடியாது. ஆனால் எந்தக் காலை மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்கிறார் என்பதுகூட எனக்குத் தெரிந்தது. கேட்பாள் என்றேன். அழுவாள், நானும் அழுவேன், அழுதுவிட்டுக் கிளம்பிவிடுவேன் என்றேன். மொழிபெயர்ப்பவர் பேனாவை மூடித் திறந்தார். சொல்லுங்க தம்பி என்றேன். சொன்னார். அந்த அம்மாள் அதையும் எழுதிக்கொண்டு, முடிவு பிறகு தெரிவிக்கப்படும் என்று ஃபைலை மூடினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வாரம் ஆகலாம் என்கிறார்கள், அதற்கு மேலும் ஆகலாம். உனக்கு டாக்டர் கொடுத்திருக்கும் பிரசவத் தேதி அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை.

வெளியே வந்ததும் அப்பா என்ன கேட்டாங்க என்றார். நீங்க கேட்டதைத்தான் கேட்டாங்க, வருவேன்னு சொல்லிட்டேன் என்றேன். அவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். "டீ குடிக்கலாமா" என்றார். குடித்தோம். டீ நன்றாக இல்லை, இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தோம்.

அந்த அம்மாளிடம் சொன்னது விசாவுக்காகச் சொன்னது இல்லை என்பதை உனக்குச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். விசா வருவதற்கு முன்பே நீ இதைத் தெரிந்துகொள்ள வேண்டும், வந்த பிறகு சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். பின்பக்க அறையை எங்களுக்கென்று ஒழித்து, பெரிய அலமாரி வாங்கிப்போட்டிருப்பதாக மாப்பிள்ளை சொன்னார். அலமாரியைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிடு. எனக்கு ஒரு பெட்டி வைக்க இடம் போதும். விசா வந்தால் போகிற டிக்கெட்டையும் திரும்புகிற டிக்கெட்டையும் சேர்த்தே போடு, திரும்புகிற தேதியை மாப்பிள்ளை கையால் போடச் சொல், நீ போட்டால் தள்ளித் தள்ளிப் போடுவாய். அந்தத் தேதிவரை உன் பக்கத்தை விட்டு அசைய மாட்டேன். குளிப்பாட்டுவது, உன்னைத் தூங்க வைப்பது, அழுகிறவரைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பது எல்லாம் என் பாடு. வராவிட்டால் என்ன செய்வது என்றும் யோசித்து வைத்திருக்கிறேன். டீச்சர் உன் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும் தூரத்தில்தான் இருப்பார், வலி எடுத்தால் மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து சேரும்வரை அவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள், கூச்சப்படாதே, நான் சொல்லி வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிப் பையைக் கதவுப் பக்கத்தில் வை. போனையும் சார்ஜரையும் அதில் வை. எந்த நேரமானாலும் கூப்பிடு, முடிந்த பிறகு இல்லை, தொடங்கும்போதே கூப்பிடு. இந்த முறை அது மட்டும் எனக்கு வேண்டும். மறைத்து வைத்துவிட்டு அப்புறம் பரவாயில்ல என்று சொல்லாதே.

நீ கோபப்படுவாய். அப்பாவுக்காக என்னை விட்டுட்டியா என்று கேட்பாய். அப்படி இல்லை என்று எழுத நினைத்தேன், இரண்டு தடவை எழுதி அடித்துவிட்டேன். அவருக்காகவும்தான். லேபில் என் ஸ்டூலுக்காகவும்தான். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். நீ உன் வீட்டில் இருக்கிறாய், நான் என் வீட்டிலிருந்து உன் வீட்டுக்கு வருகிறேன், அப்படி வந்தால்தான் எனக்கு உன்னைப் பார்க்கத் தெரியும் என்று இப்போது தோன்றுகிறது. கிளம்புகிற அன்று நீ இரும்மா என்று கேட்கத்தான் போகிறாய். கேட்காமல் இருந்துவிடாதே, கேட்காவிட்டால் அது எனக்குத் தாங்காது. நீ கேள். நான் கிளம்பத்தான் போகிறேன்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையைத் தவறவிடாதே, இடது பக்கம் ஒருக்களித்துப் படு. ஒரு நாள் கழித்து நீ போன் செய்யும்போது முதலில் அப்பாவைக் கேள். குளியலறையில் இருந்தால் வெளியே வரும்வரை போனை வைக்காமல் காத்திரு. அவரிடம் விசாவைப் பற்றியோ அந்தக் கடிதத்தைப் பற்றியோ எதுவும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. சாப்பிட்டீங்களாப்பா என்று மட்டும் கேள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், சுகமாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று இங்கிருந்தே உன் தலையில் கைவைத்துச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் வந்துவிட்டுத் திரும்பப் போகும்
அம்மா